முதலில் விளக்கைப் போட்டவள்

காலை ஏழரை மணிக்கு விடுதியின் வாசல் கதவில் ஜோடிப் பட்டியலை ஒட்டுவது ஒட்டிலியாவின் வேலை. குகைக்குள் யாரும் தனியாகப் போகக் கூடாது, இருவர் இருவராகத்தான் போக வேண்டும், யாரோடு யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மலை மீட்புக் குழுவின் கண்டிப்பான விதி. அபுசேனி மலையில் ஒவ்வொரு செப்டம்பரிலும் நடக்கும் குகை ஆய்வாளர் மாநாட்டுக்கு அவள் பதினோரு வருடமாகச் செயலாளர். ஐம்பத்தோரு வயது. யாருக்கு எந்த அளவு ஹெல்மெட், யாருக்குக் குறுகலான வழியில் மூச்சு முட்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

பட்டியல் போடுவதில் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. புரொபசர் கோர்னெலுக்கு எந்த வருடமும் பெண் ஜோடி போட மாட்டாள். வயதான ஆண் யாராவது ஒருவரைத்தான் போடுவாள். ஏன் என்று அவளை யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். தனக்குத் தெரிந்த பெண்களின் காதில் மட்டும், உள்ளே போனதும் என் பக்கத்திலேயே நில் என்று போட்டு வைப்பாள். அதோடு தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்குவாள். நல்ல மனுஷிதான். உலகத்தில் நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இப்படித்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

அந்த வருடம் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. மாநாட்டுக்கு உதவும் வெளிநாட்டு அமைப்பு, பாலியல் தொல்லை பற்றிய நடத்தை விதிகளை அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டது. மாநாட்டுத் தலைவர் மிர்ச்சா அந்தக் கடிதத்தை அவள் மேசையில் போட்டு, "ரெண்டு பக்கத்துக்கு அடிச்சுப் பையில போட்டுடு. புகார் வாங்க ஒரு பொம்பளை பேர் வேணுமாம். உன் பேரையே போட்டுக்க" என்றார். அவளும் அவர்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்து அப்படியே அடித்து, தன் பெயரைச் சேர்த்து, எல்லாருக்கும் கொடுக்கும் மாநாட்டுப் பையில் வரைபடத்துக்கும் பேனாவுக்கும் நடுவில் வைத்தாள். என்ன அடித்தோம் என்று ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பட்டியலில் ஓட்டை விழுந்தது. கோர்னெலுக்கு ஜோடியாகப் போட்டிருந்த கிழவர் கவ்ரிலாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அவர் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, நான் வரலைம்மா, வயசாயிடுச்சு என்று தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாசலில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. முப்பது பேர் பூட்ஸ் மாட்டித் தயாராக நின்றார்கள். அப்போது கோர்னெல் வந்து அவள் தோளில் லேசாகத் தட்டினார்.

"இதுக்குப் போய் என்ன யோசனை ஒட்டிலியா? அந்த யாஷி ஊர்ப் பொண்ணு மூணாவது ஆளாத்தானே ஒட்டிக்கிட்டு நிக்குது. என் கூடப் போடு."

அவள் பேனா நின்றது. யாஷி ஊர்ப் பெண் இலிங்கா கடைசி நேரத்தில் பெயர் கொடுத்துத் தனியாக வந்தவள். அவள் காதில் எதுவும் போட ஒட்டிலியாவுக்கு நேரம் வாய்க்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் வேலையை நீட்டிக்கும் தாளில் விழும் கையெழுத்து கோர்னெலுடையது. மூன்று மணி நேரம்தானே, முப்பது பேர் கூட இருக்கிறார்கள், என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கவ்ரிலாவின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் இலிங்கா என்று எழுதினாள்.

இலிங்காவுக்கு அதில் சந்தோஷம்தான். குகைக் கூரையிலிருந்து சொட்டும் சுண்ணாம்பு நீரை வைத்துப் பழங்காலத்து மழையைக் கண்டுபிடிப்பது அவள் ஆராய்ச்சி. இருபத்தைந்து வயது. இன்னும் இரண்டு வருடத்துக்கு மூன்று குகைகளில் அவள் நீர் எடுத்தாக வேண்டும், அதற்கு அனுமதி கொடுக்கும் குழுவின் தலைவர் கோர்னெல். அவரே கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் யாருக்குத்தான் பிடிக்காது?

குகையின் ஆழத்தில் ஒரு பெரிய மண்டபம். அங்கே போனதும் எல்லாரும் வட்டமாக நின்று ஒரு நிமிடம் விளக்குகளை அணைத்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்பது இந்தக் கூட்டத்தின் வழக்கம். அந்த இருட்டு வீட்டில் பார்க்கும் இருட்டு இல்லை, கண்ணெதிரே வைத்த சொந்தக் கை தெரியாது. நிமிடம் முடிவதற்குள் யார் முதலில் விளக்கைப் போடுகிறாரோ அவர் பயந்தாங்கொள்ளி. மதியச் சாப்பாட்டில் அவர் பெஞ்சு மேல் ஏறிப் பாட வேண்டும், அதைப் படம் பிடித்து விடுதிச் சுவரில் மாட்டுவார்கள்.

அன்றைக்கு இருபது நொடிகூட ஆகியிருக்காது. ஒரு விளக்கு எரிந்தது. இலிங்காவின் விளக்கு. முன்பு நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டுத் தள்ளி, பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. மேலுடுப்பின் ஜிப் பாதி வரை இறங்கியிருந்தது. கோர்னெல் தன் இடத்திலேயே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வட்டம் முழுக்க 'ஓ' என்று கத்தியது. மாட்டிக்கிச்சு பயந்தாங்கொள்ளி என்று யாரோ கைதட்டினார்கள். ஒட்டிலியாவும் சிரித்தாள். ஜிப் கண்ணில் பட்ட பிறகுதான் அவள் சிரிப்பு நின்றது.

மதியம் புளிப்புச் சூப்பும் சோளக்களியும். சூப் ஆறுவதற்குள் இலிங்காவைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்கள். அவள் இரண்டு வரி பாடினாள், மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டாள். முதலில் கைதட்டியவர் கோர்னெல். ஒட்டிலியா கேமராவைத் தூக்கினாள், அதுவும் அவள் வேலைதான். முதல் படம் கலங்கிப் போனது, திரும்ப ஒன்று எடுத்தாள். அந்த இரண்டாவது படத்தைத்தான் பிறகு பல மாதம் அவளால் மறக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு இலிங்கா அலுவலக அறைக்கு வந்தாள். கையில் அந்த இரண்டு பக்கத் தாள்.

"மேடம், இதுல இருக்கறது உங்க பேர்தானே?"

ஒட்டிலியா கதவைச் சாத்தினாள். இலிங்கா அழவில்லை, மனப்பாடம் செய்தது போல் வரிசையாகச் சொன்னாள். விளக்கு அணைந்ததும் ஒரு கை வாயைப் பொத்தியது. இன்னொரு கை உடுப்புக்குள் போனது. தள்ளியபோது காதருகில் ஒரு குரல், சத்தம் போடாத கண்ணு, உன் பர்மிட் என் மேசைலதான் இருக்கு என்றது. அந்தக் கையைக் கடித்துவிட்டுத்தான் அவள் விளக்கைப் போட்டிருக்கிறாள்.

"யாராவது பாத்தாங்களாம்மா?" என்றாள் ஒட்டிலியா.

"அந்த இருட்டுல யார் மேடம் பாப்பாங்க?"

"சரி. நாளைக்கு உன்னை வேற ஆளோட போடறேன். என் கூடயே வா. பக்கத்துலயே நில்லு."

இலிங்கா அவளையே பார்த்தாள். "என்னை எதுக்கு மாத்தறீங்க? நான் என்ன பண்ணேன்?" பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "நான் சொன்னதுல உங்களுக்கு ஒண்ணுமே அதிர்ச்சி இல்ல. முன்னாடியே தெரியும், இல்ல?"

 தலைவரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று ஒட்டிலியா எழுந்து போனாள்.

மிர்ச்சா கெட்டவர் இல்லை. மூன்று பெண்களைப் பெற்றவர். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் வாயிலிருந்து வந்ததெல்லாம் பூசி மெழுகும் பேச்சு. கோர்னெல் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிற மனிதர், அவர் பெயர் கெட்டால் மாநாடே போய்விடும், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்றார். நாளைக்கு அந்தப் பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு, தலைவலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

திரும்பி வரும் நடைவழியில்தான் படங்கள் மாட்டிய அந்தச் சுவர். பத்து வருடத்துப் பாட்டுக்காரர்கள், பத்துப் படங்கள், எல்லாம் அவள் எடுத்தவை. தினமும் கடந்து போகிற சுவரை அன்றுதான் நின்று பார்த்தாள். மூன்று பேர் ஆண்கள், வாயைப் பிளந்து கத்திப் பாடுகிறார்கள். மற்ற ஏழு பேரும் இளம் பெண்கள். உதடு சிரிக்கிறது, ஒருத்தி கண்ணும் சிரிக்கவில்லை.

அலமாரியிலிருந்து பழைய பட்டியல்களை எடுத்தாள். மீட்புக் குழு விதிப்படி ஒன்றையும் தூக்கி எறியக் கூடாது. அந்த ஏழு பேரில் ஒருத்தியின் காதில்கூட அவள் எதுவும் போட்டு வைத்ததில்லை. எல்லாரும் வெளியூர், துணைக்கு ஆசிரியர் வராதவர்கள், இங்கே யாரையும் தெரியாதவர்கள். பட்டியலில் கோர்னெலுக்கு ஜோடி கிழவர்தான், ஆனால் வட்டத்தில் அவர் யார் பக்கத்தில் போய் நின்றார் என்று பட்டியலா பார்த்தது? தெரிந்த பெண்களை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டபோதெல்லாம், தெரியாத பெண் ஒருத்தியை அவர் பக்கம் தள்ளியிருக்கிறாள். இத்தனை வருடம் இதைக் காப்பாற்றுவது என்று நினைத்திருந்தாள். 

ஏழு பேரில் ஒருத்தியின் தொலைபேசி எண் பழைய தாளில் இருந்தது. சாந்தா என்று பெயர், ஒராதியா ஊர்க்காரி. நன்றாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள் திடீரென்று விட்டுவிட்டாள், இப்போது ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். ஒட்டிலியா அவளைக் கூப்பிட்டு, அந்த இருட்டில் என்ன நடந்தது என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள் சாந்தா. பிறகு, "என் பேரைப் போட்டே எழுதுங்க. நீங்க எடுத்த போட்டோவையும் சேர்த்து வைங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அதன் பிறகுதான் தான் அடித்த தாளை ஒட்டிலியா முதல்முறையாகப் படித்தாள். புகார் சொன்னவரை, அவரே கேட்டாலொழிய, இடம் மாற்றக் கூடாது. புகாருக்கு உள்ளானவரை விசாரணை முடியும் வரை பயணங்களில் சேர்க்காமல் நிறுத்த, புகார் வாங்குபவருக்கே அதிகாரம் உண்டு. அன்றே வெளி அமைப்புக்கும் ஒரு நகல் போக வேண்டும். பெயருக்குப் போட்ட பெயர் என்று நினைத்திருந்தாள். அதன் கீழே இவ்வளவும் இருந்தது.

உட்கார்ந்து எழுதினாள். இலிங்கா சொன்னது, சாந்தா சொன்னது, கடைசியில் தனக்கு முன்பே தெரியும் என்பதும், தெரிந்தே தன் கையால் அந்த ஜோடியை எழுதியதும். இலிங்கா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளிடமே கேட்டு முடிவு செய்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். ஐந்து மணிக்குள் நகல்கள் போய்விட்டன. கோர்னெலின் அறைக்கும் ஒரு கடிதம் போனது.

மறுநாள் காலை ஏழரைக்குப் பட்டியல் வழக்கம்போல் கதவில் இருந்தது. கோர்னெல் கையில் ஹெல்மெட்டோடு வந்து மேலிருந்து கீழே இரண்டு முறை விரலை ஓட்டினார்.

"என் பேரு எங்க?"

"இல்ல, புரொபசர்," என்றாள் ஒட்டிலியா. "உங்க மேல ஒரு புகார் இருக்கு. விசாரணை முடியற வரைக்கும் நீங்க எங்க கூட வர முடியாது. கடிதம் உங்க ரூம்ல இருக்கு."

"யார் அவ? பேரைச் சொல்லு பாப்போம்."

"பேரைச் சொல்ற வழக்கம் இல்ல."

பூட்ஸ்களின் சத்தம் அடங்கியது. டிசம்பர்ல பாத்துக்கறேன் என்று கோர்னெல் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. மிர்ச்சா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "ஒரே குடும்பமா இருந்தோம். ஒரு நிமிஷ விளையாட்டுக்காக அதைக் கெடுக்கணுமா ஒட்டிலியா? எப்பவும் போல அந்தப் பொண்ணை மாத்தி விட்டிருந்தா போதுமே."

"பதினோரு வருஷமா பொண்ணுங்களைத்தான் மாத்தினேன் சார். மாத்த வேண்டியது அவரை."

யாரும் அவளுக்காகக் கைதட்டவில்லை. முப்பது பேரில் பதினோரு பேர்தான் பஸ்ஸில் ஏறினார்கள், மற்றவர்கள் கோர்னெலைச் சுற்றி நின்று சமாதானம் சொன்னார்கள். விசாரணை ஏழு மாதம் இழுத்தது. டிசம்பரில் ஒட்டிலியாவின் தாளில் கையெழுத்து விழவில்லை. இலிங்காவின் மூன்று குகைகளில் இரண்டுக்கு அனுமதி இன்னும் வரவில்லை. இதையெல்லாம் மறைத்து, நல்லதே நடந்தது என்று கதையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்தப் பதினோரு பேர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வட்டமாக நின்றார்கள். ஒட்டிலியாவுக்கு ஜோடி இலிங்கா. பழக்க தோஷத்தில் ஒருவர் விளக்கின் பொத்தானில் கை வைத்து, அணைக்கலாமா என்று கேட்டார். எல்லாரும் ஒட்டிலியாவைப் பார்த்தார்கள்.

"வேண்டாம்," என்றாள் அவள். "தப்பு பண்ணது ஒருத்தர். வருஷா வருஷம் விளக்கை அணைச்சுக் கொடுத்தது நாம எல்லாரும். விளக்கைப் போட்டவளைப் பாத்து சிரிச்சதும் நாமதான். இனிமே ஒரு பொண்ணு விளக்கைப் போட்டா, சிரிக்காம, என்னாச்சுன்னு கேளுங்க."