சூலம் பார்த்துப் போட்ட விமானப் பாதை

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. புனே கட்கியில் எங்கள் கீழ்வீட்டுக்கு மிக்ஸி இரவல் கேட்கப் போனேன். கதை கிடைத்தது. மிக்ஸி கிடைக்கவில்லை.

‘புனேயின் வானம் அன்று எல்லையற்ற நீலமாய்...’

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் வானமே கிடையாது. சாப்பாட்டு மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர், அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு (‘சிமுலேட்டர்’ என்று திருத்துவார் பாலச்சந்திரன்), எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர். மற்றதில் அவர் மனைவி வனஜா, துப்பட்டாவால் நாற்காலியோடு தன்னைக் கட்டிக்கொண்டு.

2

வனஜா விமானம் ஏறியதே இல்லை. அவ்வளவு பயம். வரும் திங்கட்கிழமை கோவையில் அவள் தம்பிக்குக் கல்யாணம். மூன்றாவது முடிச்சு போட வேண்டிய நாத்தனார் அவள்தான். ரயிலில் இடமில்லை. நிஜ விமானத்துக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. “இதுல நல்லபடியா எறங்குனாத்தான் அதுல ஏறுவேன்” என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஒத்திகை.

ஆகுர்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பாலச்சந்திரனுக்கு வியாழன்தான் வார விடுமுறை. வரைபடத்தில் புனேயிலிருந்து கோவைக்கு ஒரே நேர்கோடாக இழுத்தார். அந்தக் கோட்டுக்கு மட்டும் கணக்காக எரிபொருள் நிரப்பினார். (இதை நினைவில் வையுங்கள். என் கைவசம் இருக்கும் ஒரே திருப்பம் இதுதான்.)

“ஏனுங்க, இன்னைக்கு வியாழக்கிழமை. தெக்கால சூலமுங்க.”

“வனஜா, நாம ஹாலை உட்டே போகலை.”

“பொறவு எதுக்குங்க பெல்ட்டு போடச் சொன்னீங்க?”

அவர் நேர்கோட்டை அழித்தார். மேற்கே கிளம்பிச் சூலத்தை ஏமாற்றுவது என்று முடிவானது. கோடு கடக்வாஸ்லா அணையைத் தாண்டிக் கடலைத் தொட்டது. “கடல் வேண்டாமுங்க, எனக்கு நீச்சல் தெரியாது.” கோடு உள்ளே திரும்பியது. கடைசியில் பழனி மலைக்கு மேலே ஒரு சுற்று வேண்டும் என்றாள். வரைபடத்தில் இப்போது முறுக்குதான் இருந்தது.*

* இப்படி ஒருத்தியை வாசகர் நம்புவாரா என்று எனக்கே சந்தேகம். வனஜா வங்கி அதிகாரி. கணக்கில் ஒரு பைசா இடித்தாலும் விடமாட்டாள்.

3

பழனியைச் சுற்றிவிட்டுக் கோவை ஓடுபாதை கண்ணில் படும்போது எரிபொருள் முள் அடியில் படுத்தது. திரையில் விமானத்தின் காற்றாடி நின்றது. வனஜா பக்கத்தில் நின்றிருந்த என் கையை இறுகப் பிடித்தாள். நிஜமாகவே வலித்தது.

அப்போது கரண்ட் போனது.

புனேக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு: வியாழக்கிழமைதான் இங்கே லைனில் மராமத்து பார்ப்பார்கள்.

“கரண்ட் வரட்டும், மறுபடி மொதல்ல இருந்து கெளம்பலாம்” என்றார் பாலச்சந்திரன்.

“நாம இன்னும் மேலதானுங்க இருக்கறோம்? எறங்காம எப்படிக் கெளம்பறது?” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, நீங்க கதை எழுதறவர்தானுங்களே. எறங்குச்சா இல்லையான்னு எழுதிக் குடுங்க. படிச்சுட்டு முடிவு பண்றேன்.”

4

முடிவு அ: விமானம் தென்னந்தோப்பில் விழுகிறது. அற்புதமான துயரம். எழுதி முடித்து நானே அழுதேன்.

அன்று சாயங்காலம் பாலச்சந்திரன் வந்தார். “உங்களுக்கும் அதே ப்ளேன்ல டிக்கெட் போட்டுட்டேனுங்க. பந்தியில மொத ஆளா உங்களை உட்கார வெக்கோணும்னு வனஜா சொல்லிட்டா.”

முடிவு அ-வைக் கிழித்துப் போட்டேன். இலக்கியம் வேறு, நான் உட்காரும் விமானம் வேறு.

முடிவு ஆ: ‘விமானம் பத்திரமாகத் தரை...’

எரிபொருள் ஏது என்று வனஜா கேட்பாள். அவளிடம் கள்ளக்கணக்கு செல்லாது. எனக்கோ சைக்கிளே சரியாக ஓட்டத் தெரியாது.

வாசகரே, இனி விமானம் உங்கள் கையில். ஓடுபாதை எதிரே தெரிகிறது. மூக்கை லேசாகத் தாழ்த்துங்கள். அவசரம் வேண்டாம், மெதுவாக. உள்ளே மூன்று பேர் இருக்கிறோம். வனஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

நானும் மூடிக்கொண்டேன்.