திருட்டு வீட்டுக்கு வழி காட்டிய விரல்

கத்திரியக்கா என்று கேட்டால் அந்தத் தெருவில் நடக்கப் பழகுகிற பிள்ளைகூடக் கை காட்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தோடு சரி. இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கவுனும் கோட்டும் தைக்கிறாள். கழுத்து வளைவை ஒரே மூச்சில், கத்தரியை எடுக்காமல் வெட்டுகிற கை அவளுடையது. அந்தக் கைதான் அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தூரத்தில் இருக்கிற தாய்மார்களும் தங்கள் வீட்டிலேயே தைத்துக்கொள்ளட்டுமே என்று, தான் வெட்டுகிற அளவுகளைத் தாளில் வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கோப்பாக விற்க ஆரம்பித்தாள். பேட்டர்ன் என்று சொல்வார்கள். வாங்குகிறவர் அதை அச்சடித்துத் துணிமேல் வைத்து, கோட்டோடு கத்தரியை ஓட்டினால் போதும். அதில் மழைக்கோட்டு பேட்டர்ன் பிய்த்துக்கொண்டு போயிற்று.

வினையும் அதில்தான் வந்தது. முதலில் போட்ட கோப்பில், கைக்கான தாளில், 'துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டவும்' என்கிற வரியை விட்டுவிட்டாள். பழகின தையல்காரிக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, கை தானாக மடிக்கும். புதிதாகத் தைக்கிறவள் பாவம் என்ன செய்வாள்? விரித்த துணியில் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுவாள். இரண்டும் இடக்கையாகவே வரும். இரண்டே நாளில் கத்திரியக்கா தப்பைக் கண்டுபிடித்து, திருத்திய கோப்பை வாங்கின அத்தனை பேருக்கும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அந்த இரண்டு நாளுக்குள் எவனோ ஒரு புண்ணியவான் பழைய கோப்பைச் சுருட்டிக்கொண்டு போய், தன் பக்கத்தில் 'இலவசம்' என்று போட்டு வைத்தான். ஒவ்வொரு தாளின் அடியிலும் இருந்த அவள் பெயரை மட்டும் அழிக்காமல் விட்டான்.

எதைத் தேடுவதானாலும் அங்கே எல்லோரும் ஒரே கம்பெனியின் தேடுபொறியில்தான் தேடுவார்கள். அதில் மழைக்கோட்டு என்று தட்டினால் திருடன் பக்கம் முதல் ஆளாக வந்து நிற்கும். கத்திரியக்காவின் பக்கம் எங்கோ கீழே, பந்திக்குப் பிந்தினவள் மாதிரி. தாய்மார்கள் திருட்டுக் கோப்பை இறக்கினார்கள், வெட்டினார்கள், தைத்தார்கள், பிறகு கோபத்தோடு அவளுக்கே எழுதினார்கள். 'இருபத்திரண்டு வருஷம் தைக்கிறீங்களாம். பிள்ளைக்கு வலக்கைன்னு ஒண்ணு உண்டுன்னு யாரும் சொல்லலையா?'

அதைப் படித்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"காசு போனா மயிராச்சு," என்றாள் நாத்தனாரிடம். "பேரு போகுதே."

நாத்தனார் அடுத்த மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவள். அவள் நாக்குக்கும் ஊசிக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. "திருடினவன்மேல கேஸைப் போடுங்க அண்ணி."

"அவனை எங்கேன்னு தேடுறது? பேரும் இல்ல, ஊரும் இல்ல. ஆனா எல்லாரையும் கையைப் பிடிச்சு அவன் வாசல்ல கொண்டுபோய் விடுறது யாருன்னு தெரியுதே."

தேடுபொறிக் கம்பெனிக்கு எழுதிப் போட ஒரு படிவம் இருந்தது. அதை நிரப்பி மூன்று முறை அனுப்பினாள். திருட்டுப் பக்கத்தின் முகவரி, தன் பக்கத்தின் முகவரி, தான் வரைந்ததற்கு ஆதாரம், எல்லாம் இருந்தது. ஏழு மாதம் போனது. கிணற்றில் போட்ட கல். கடைசியில், வக்கீலாக இருக்கிற தங்கை மகளிடம் போய் நின்றாள். அவளுக்கும் தனியாக நடத்துகிற முதல் வழக்கு அதுதான்.

மூன்று முறை அனுப்பினேன் என்றுதான் கத்திரியக்கா தங்கை மகளிடமும் சொன்னாள். உண்மையில் நான்கு.

முதல் தடவை நடந்தது நாத்தனாருக்கு மட்டும்தான் தெரியும். எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் தன் முகவரியை எழுதுவதுதான் கடைக்காரி பழக்கம். துணி வாங்கிக்கொண்டு கொடுக்கிற சீட்டில்கூட மேலே கடை முகவரி, கீழேதான் வாடிக்கையாளர் முகவரி. அந்தப் பழக்கத்தில் படிவத்தின் முதல் கட்டத்தில் தன் பக்கத்தை எழுதினாள், இரண்டாவதில் திருடன் பக்கத்தை. முதல் கட்டத்தின்மேல் 'நீக்கப்பட வேண்டிய பக்கம்' என்று பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டு, ஒரு கவுனை வெட்டித் தைத்துவிட்டு வந்து பார்த்தால் அவள் பக்கமே தேடுபொறியில் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி அதைத் திரும்பக் கொண்டுவர ஒன்பது நாள் ஆயிற்று. தன் வீட்டுக்குத் தானே பூட்டுப் போட்ட கதையை யாரிடம் சொல்வாள்?

வழக்கு விசாரணைக்கு வந்தது ஒரு புதன்கிழமை. நீதிமன்ற அறையில் மின்விசிறி ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தது. காகிதங்கள் பறக்காமல் இருக்க, மேஜைமேல் கல்லை வைத்திருந்தார்கள். நீதிபதி அறுபதை நெருங்குகிற அம்மாள், யார் பேசினாலும் அவர் முகத்தை மட்டும் பார்ப்பவர்.

கம்பெனி வக்கீல் இளவயது, இனிமையான குரல். "நாங்க முச்சந்தியில நிக்கிற வழிகாட்டிப் பலகை மாதிரி, மேடம். கோடிக்கணக்கான பக்கம் இருக்கு. எது சொந்தம், எது திருட்டுன்னு பலகைக்கு எப்படித் தெரியும்? கோப்பை வச்சிருக்கிறது நாங்க இல்ல. திருடன் வீட்டுக்கு வழி சொன்னவனைத் திருடன்னு பிடிக்க முடியுமா?"

கத்திரியக்காவுக்கே அது நியாயம்போலப் பட்டது.

தங்கை மகள் எழுந்தாள். "தெரியாம வழி சொன்னா குத்தமில்ல மேடம். இது திருட்டு வீடு, இதுதான் கதவு நம்பர்னு மூணு தடவை எழுதிக் கொடுத்த பிறகும் அதே வீட்டையே காட்டினா?"

"ஒண்ணொண்ணையும் சரிபார்க்க நாளாகும்," என்றார் கம்பெனி வக்கீல். "அதுவும் இந்த அம்மா அனுப்பினது மூணு இல்ல, நாலு." ஒரு தாளை உயர்த்தினார். "முதல் தாள்ல நீக்கச் சொன்னது யாரோட பக்கம் தெரியுமா? இவங்களோட சொந்தப் பக்கத்தை."

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கை மகள் திரும்பி, "பெரியம்மா?" என்றாள், உதடு மட்டும் அசைய. கத்திரியக்காவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. பின்வரிசையில் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எது தன்னுதுன்னே தெரியாதவங்க சொல்றதை வச்சு நாங்க எப்படி மேடம் முடிவெடுக்க?"

எது தன்னுடையது என்று தெரியாதவளா? அந்தச் சொல்தான் அவளைச் சுருக்கென்று தைத்தது. வெட்கம் போன இடம் தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா, நான் ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"கேளுங்கம்மா," என்றார் நீதிபதி.

"தம்பி, தப்பா எழுதினது நான்தான். ஒத்துக்கறேன். வெக்கப்பட்டுக்கிட்டு என் வக்கீல்கிட்டகூடச் சொல்லல. ஆனா நான் ஒரே ஒரு கவுன் தைச்சுட்டு வர்றதுக்குள்ள என் பக்கத்தைத் தூக்கிட்டீங்களே. அது எத்தனை மணி நேரத்துல நடந்துச்சுன்னு அந்தத் தாள்லயே இருக்குமில்ல? கொஞ்சம் படிங்க."

கம்பெனி வக்கீல் தாளைப் பார்த்தார். பிறகு சற்றுக் கூடுதல் நேரம் பார்த்தார்.

"படிங்க," என்றார் நீதிபதி.

"நாலு மணி நேரம். பத்து நிமிஷம்."

தங்கை மகளின் முகத்தில் விளக்கேற்றினது மாதிரி ஆயிற்று. "மேடம், தப்பா எழுதின தாளுக்கு நாலு மணி நேரம். சரியா எழுதின மூணு தாளுக்கு ஏழு மாசம். தாங்க வெறும் பலகைன்னாங்க. பலகைக்கு ஏது கை? எங்க பெரியம்மா பக்கத்தைத் தூக்கினது எந்தக் கை?"

இந்த முறை அறையே சிரித்தது. நாத்தனாரின் குரல்தான் உரக்கக் கேட்டது.

நீதிபதி கம்பெனி வக்கீலிடம் திரும்பினார். "மத்த மூணு தாளையும் யார் பார்த்தாங்க?"

அவர் நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. "முதல் தாள் தப்பாப் போனதால, இவங்க அனுப்புறதெல்லாம் நம்ப முடியாததுன்னு மிஷின் ஒதுக்கிடுச்சு, மேடம். ஆள் யாரும் பார்க்கல."

"ஏழு மாசமா?"

"ஏழு மாசமா."

மதியத்துக்குமேல் தீர்ப்பு வந்தது. நீதிபதி நிதானமாகச் சொன்னார். உலகத்தில் இருக்கிற பக்கத்தையெல்லாம் தேடுபொறி தானாகச் சோதிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. தெரியாமல் காட்டியதற்கு அது பொறுப்பாகாது. ஆனால், இன்ன பக்கத்தில் இன்னாருடைய கோப்பு திருட்டாக இருக்கிறது என்று முகவரியோடும் ஆதாரத்தோடும் சொன்ன நாளிலிருந்து அதற்குத் தெரியும். தெரிந்த பிறகும் காட்டினால், காட்டுகிற விரலுக்கும் பொறுப்பு உண்டு. ஒருமுறை தவறினவர் என்பதற்காக ஒருவரின் வாயையே அடைத்துவிடவும் முடியாது. மூன்று நாளுக்குள் திருட்டுப் பக்கத்தைத் தேடுபொறியிலிருந்து நீக்க வேண்டும். இனி இவர் அனுப்புவதை ஆள் ஒருவர் பார்க்க வேண்டும்.

வெளியே வராந்தாவில் தங்கை மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். "இனிமே என்கிட்ட மறைச்சீங்கன்னா எதிர்க்கட்சிக்கு ஆஜராயிடுவேன், பெரியம்மா."

"மறைக்காம முன்னாடியே சொல்லியிருந்தா நீ அந்தத் தாள் பேச்சையே எடுக்க விட்டிருக்க மாட்ட," என்றாள் நாத்தனார். "எங்க அண்ணி தப்புப் பண்ணினாலும் அளவெடுத்துத்தான் பண்ணுவாங்க."

கம்பெனி வக்கீல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஏழு வயசுல பொண்ணு. என் வீட்டுக்காரி தைப்பா. அந்த மழைக்கோட்டு..."

"ஞாயித்துக்கிழமை தேடச் சொல்லுங்க தம்பி," என்றாள் கத்திரியக்கா. "அதுக்குள்ள உங்க பலகைக்கு வழி தெரிஞ்சிருக்கும்."

அவரும் சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலமே, பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் பொறுக்கமாட்டாமல் போனை எடுத்துத் தட்டினாள். முதல் வரியில் அவள் பக்கம். கீழே உருட்டினாள், இன்னும் உருட்டினாள். திருடனைக் காணவில்லை. நாத்தனாரும் தன் போனில் தேடினாள். பக்கத்துக் கடைக்காரரின் போனைப் பிடுங்கி அதிலும் தேடினாள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. யாரோ ஒரு தாய், கத்திரியக்கா கேள்விப்படாத ஊர். மழைக்கோட்டைத் தைத்து முடித்தாளாம். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறதாம், வெயிலில்கூடக் கழற்ற மாட்டேன் என்கிறதாம். தைக்கத் தெரியாத என்னைத் தைக்க வைத்துவிட்டீர்கள், உங்கள் பெயரை எங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று முடித்திருந்தாள்.

மிஷின் வெகுநேரம் ஓடாமல் கிடந்தது.

"பதில் எழுதுங்களேன் அண்ணி. பாவம், காத்துக்கிட்டிருப்பா."

"எழுதறேன், இரு," என்றாள் கத்திரியக்கா, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. "இன்னொரு தடவ படிச்சுட்டு எழுதறேன்."