இடுப்பில் கட்டிய சேலை

"இது என்ன ஆட்டுக்குட்டியா, கட்டிப் போட? நாளைக்கு ஜீப்பு வரும், பிள்ளையை விடுதியில சேத்துருவோம்."

"கட்டாம விட்டா குழியில விழுந்துருவாளே, டீச்சரம்மா!"

பொன்னழகிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நார்த்தாமலைக் கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் நேரமெல்லாம், பார்த்துக்கொள்ள ஆளில்லாத மகள் சீதையைப் பழஞ்சேலையால் வேப்பமரத்தோடு கட்டிவைப்பாள். ஊரார் டீச்சரம்மா என்றழைக்கும் அரசாங்கக் கிராம சேவிகா ஞானமணியின் கண்ணில் பட்டது அந்த முடிச்சுதான். மரத்துக்கு அப்பால் தண்ணீர் நிறைந்து கிடந்த குழியை ஞானமணி இப்போதுதான் எட்டிப் பார்த்தாள்.

அங்கிட்டிருந்து வேலைக்கு வரச்சொல்லி மேஸ்திரி கத்தினான். பொன்னழகி முடிச்சை அவிழ்த்துக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"விடுதியில இவளைப் பாக்க ஒரு ஆளு வச்சிருப்பீங்கள்ல? அந்த ஆளை இங்கிட்டு, இந்த மரத்தடியில உக்கார வைங்கம்மா. பொழுது சாய நான் என் பிள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருறேன். வைக்கிறீங்களா?"