வலது ஓரத்தில் முத்தாரம்மாள்

"எனக்க கொழுந்தன் பெண்டாட்டிய எங்க கொண்டு போட்டிருக்க மக்ளே?" என்று கேட்டுக்கொண்டேதான் வடிவம்மாள் எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தாள். கிழக்கேகோட்டையில் ஒரு குடைக்கடைக்கு மேலே இரண்டு அறைகள், மூன்று கம்ப்யூட்டர்கள், இவ்வளவுதான் ஆபீஸ். செங்குத்தான மரப்படி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எப்போது வந்தாலும் ஒரு டப்பா முறுக்கோடு வருகிறவள் அன்று வெறுங்கையோடு வந்திருந்தாள். அதைக் கவனித்த பிறகுதான் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்தது.

2002-ஆம் வருஷம், ஓணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். வடிவக்காவும் அவளுடைய ஓரகத்தி முத்தாரம்மாளும் சாலை பஜாரில் பத்தொன்பது வருஷமாகப் பலகாரம் போட்டு விற்கிறார்கள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். அந்த அண்ணனும் தம்பியும் அதே தெருவில் ஆணி, கொண்டி விற்கும் கடையில் உட்கார்ந்துகொண்டு, பெண்டாட்டிகள் விஷயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தே காலத்தை ஓட்டிவிட்டார்கள். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் முறுக்கைப் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த எங்கள் முதலாளி பிரபின், ஒரு வெப்சைட் போட்டால் அவர்கள் அங்கிருந்தே ஆர்டர் அனுப்புவார்கள் என்று சொல்லிச் சொல்லி இரண்டு பேரையும் சம்மதிக்க வைத்திருந்தார். பாறசாலையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வரும் ஷீனா என்கிற நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. யார் துணையும் இல்லாமல் நான் தனியாகச் செய்த முதல் பக்கம் அது. அம்மாவிடம் மட்டும் பத்துத் தடவையாவது சொல்லிப் பெருமையடித்திருப்பேன்.

பக்கம் அழகாகத்தான் இருந்தது. இடது பக்கம் வடிவக்கா, வலது பக்கம் முத்தாரக்கா, நடுவில் தாம்பாளம் நிறைய முறுக்கு. அகலம் சரியாக ஆயிரம் பிக்சல். என்னுடைய பதினேழு இஞ்ச் மானிட்டரில் ஒரு மயிரிழை கூட இந்தப்பக்கம் அந்தப்பக்கம் போகாது. உலகத்தில் எல்லோரிடமும் என்னுடைய மானிட்டர்தான் இருக்கிறது என்று அப்போது நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுல எல்லாரும் கூடியிருந்து பாத்தோம்" என்றாள் வடிவக்கா. மகளின் படிப்புக்காக அவர்கள் வாங்கிய கம்ப்யூட்டர். கொழுந்தன், அவர் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "நான் இருக்கேன், முறுக்கு இருக்கு. அதோட தீந்துபோச்சு. அவ வாயத் தொறந்து ஒண்ணும் மிண்டல்ல. காப்பி குடிச்ச தம்ளரக் கழுவி வச்சா, போய்ட்டா. திங்கள் வரல்ல. செவ்வாய் வரல்ல. இன்னைக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிருக்கா, நான் தனியாப் போட்டுக்கிடுகேன், அக்கா ஒத்தைக்கே நடத்தட்டும்னு."

நான் சட்டென்று பக்கத்தைத் திறந்து காட்டினேன். வலது ஓரத்தில் முத்தாரக்கா பச்சைப் புடவையில் விறைப்பாக நின்றிருந்தாள். வடிவக்கா குனிந்து பார்த்தாள். பிறகு விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இஞ்ச இருக்கா" என்றாள். "எங்க வீட்டுல இல்லியே!"

பிரபின் எழுந்து வந்து, வீடுகளில் இருக்கிற சின்னத் திரை மாதிரி, என் மானிட்டரின் அளவை எண்ணூறுக்கு அறுநூறு என்று மாற்றினார். எழுத்தெல்லாம் ஊதிப் பெருத்தது. வடிவக்கா, தாம்பாளம், திரையின் விளிம்பு. அளந்து வெட்டியது மாதிரி முறுக்கு முடிகிற இடத்தில் திரையும் முடிந்தது. அடியில் ஒரு பட்டை முளைத்திருந்தது. அதைப் பிடித்து வலதுபக்கமாக இழுத்தால் முத்தாரக்கா மெல்ல நகர்ந்து உள்ளே வந்தாள்.

"கம்பியப் பிடிச்சு இழுத்தாத்தான் வருவாளா? அவ என்ன, திரைக்குப் பின்னால நிக்க கூத்துக்காரியா?" என்றாள் வடிவக்கா. எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. வெட்கம்தான் கூடுதல். பக்கத்தின் அடியில், இதை இன்ன அளவுத் திரையில் பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தேன். ரவிக்கையைத் தைத்துவிட்டு உடம்பை அதற்குத் தக்கபடி வளர்த்துக்கொள் என்று சொல்கிற வேலை அது. "நான் வெட்டச் சொன்னேன்னு அவ நெனைக்கா" என்று வடிவக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மாவுப் பக்குவம் எனக்குத் தெரியும். பிழியதுக்கு அவளுக்க கைதான் வேணும். ரெண்டு நாளா நான் பிழியது எல்லாம் பொட்டிப் பொட்டிப் போகுது. ஓணத்துக்கு என்னத்த அனுப்ப?"

அவள் இறங்கிப் போன பிறகு பிரபின், "சாரமில்லடீ, சரியாக்காம்" என்று மலையாளத்தில் ஆறுதல் சொன்னார். பரவாயில்லை, சரிசெய்துவிடலாம் என்கிற தொனி. ஆனால் என்னால்தான் ஒரு அடுப்படி இரண்டாகிறது என்ற நினைப்பில் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் முழுக்க உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துப் போட்டேன். பிக்சல் கணக்கை எல்லாம் எடுத்துவிட்டுச் சதவீதத்தில் எழுதினேன். இத்தனை அகலம் என்று கட்டளை போடாமல், இருப்பதில் இத்தனை பங்கு என்று சொல்ல வேண்டும். படங்களின் வரிசையையும் மாற்றி, இருவரையும் மேலே அடுத்தடுத்து வைத்தேன். இடம் இருந்தால் சேர்ந்து நிற்பார்கள், இல்லாவிட்டால் இரண்டாவது படம் கீழே இறங்கிக்கொள்ளும். பிரவுசர் ஜன்னலின் மூலையைப் பிடித்துச் சுருக்கியும் விரித்தும் பார்த்தேன். கல்லுக்குத் தக்க தோசைமாவு பரவுகிற மாதிரி எழுத்தெல்லாம் தானாகப் பரவியது. எண்ணூறிலும் இருவரும் ஜோடியாக நின்றார்கள். எனக்கு நிலைகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கரமனைக்குப் போனேன். முத்தாரக்கா வீடு ஆற்றுக்குப் பக்கத்தில். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரை இனிமேல் கண்ணால் பார்ப்பதில்லை என்று அவள் சொல்லிவிட்டதால், ஜங்ஷனில் இருந்த ஒரு இன்டர்நெட் கஃபேக்கு அழைத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று மூன்று தடவை சொன்னவள், வந்தபோது நல்ல புடவை உடுத்தியிருந்தாள். தலையில் பிச்சிப்பூ வேறு.

கஃபேயில் இருந்தது எண்ணூறு அகலம்கூட இல்லாத ஒரு கிழட்டுப் பதினாலு இஞ்ச். எழுத்து ஒவ்வொன்றும் கொழுக்கட்டை அளவு. வேறு கடை பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாயிற்று. பக்கம் மெதுவாக வந்தது. முதலில் வடிவக்காவின் கொண்டை, பிறகு பொட்டு, பிறகு தாடை. அவளுக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை. முத்தாரக்கா மூச்சை அடக்கிக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்தாள். நான் மௌஸைக் கீழே உருட்டினேன். வடிவக்காவுக்கு நேர் அடியில் பச்சைப் புடவையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"மொதல்ல வெளிய தள்ளினிய" என்றாள் நிதானமாக. "இப்ப அவளுக்க காலடியில."

எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், "ஒரு நிமிஷ வேல அக்கா. உங்கள மேல போட்டு அவங்களக் கீழ போட்டுடுகேன்" என்றேன்.

முத்தாரக்கா நாற்காலியோடு திரும்பினாள். "என்னது? மூத்தவளக் கீழ போடவா? ஒனக்குப் புத்தி இருக்கா பிள்ளே? நான் மருமகளா அந்த வீட்டுல வந்து கேறினப்போ எனக்கு அடுப்புப் பத்தவைக்கத் தெரியாது, கேட்டியா? கையப் பிடிச்சுச் சொல்லித் தந்தது அவளாக்கும். அவளப் போயி கீழ போடுகாளாம்!"

அடுத்த மேஜையில் இருந்தவன் எட்டிப் பார்த்தான். மேலே போட்டாலும் குற்றம், கீழே போட்டாலும் குற்றம், ஓரத்தில் போட்டால் சொல்லவே வேண்டாம். நான் எழுதிய சதவீதம் எதற்கும் இதற்கு வழி தெரியாது. "அப்போ ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிற படம் ஏதாவது குடுங்க அக்கா" என்றேன். "ஒரே படமா இருந்தா எவ்வளவு சின்னத் திரையானாலும் பிரியாது."

அவள் யோசித்தாள். விரல்விட்டு எண்ணினாள். தன் கல்யாணத்தில் எடுத்ததில் வடிவக்கா இல்லை, பந்திக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு நின்றாள். பிள்ளைகளின் காதுகுத்தில் இவள் இல்லை. திருச்செந்தூர் போனபோது எடுத்ததில் யாரோ ஒருத்தி இல்லை, யாரென்று மறந்துவிட்டது. எண்ணிக்கொண்டே வந்தவள் திடீரென்று சிரித்துவிட்டாள். "இல்ல மக்ளே. ஒண்ணு கூட இல்ல. எப்பவும் ஒருத்தி எண்ணெய்க்குப் பக்கத்துல நிக்கணும்லா?"

"அப்போ எண்ணெய்க்குப் பக்கத்துலயே எடுப்போம்."

முத்தாரக்கா மறுபடி திரைப் பக்கம் திரும்பினாள். திரையில் வடிவக்காவை இன்னொரு தடவை பார்த்தாள். "முறுக்கு எப்படி வருதாம்?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள். பொட்டிப் பொட்டிப் போகிறதாம் என்றேன். "போகும். தண்ணி போதாம மாவ இறுக்கி வச்சிருப்பா. அவளுக்குப் பொறுமை கெடையாது." எழுந்து புடவையை உதறிச் செருகிக்கொண்டாள். சாலை பஜாருக்கு என்னோடு பஸ் ஏறினாள். வழி முழுக்க மாவைப் பற்றி மட்டும்தான் பேசினாள்.

நான் பூத்திலிருந்து போன் செய்திருந்ததால், எங்களுக்கு முன்பே பிரபின் டிஜிட்டல் கேமராவோடு அங்கே வந்து நின்றார். அடுக்களையில் வடிவக்கா நெற்றியெல்லாம் வியர்வையாக முறுக்கு நாழியை அழுத்திக்கொண்டிருந்தாள். முத்தாரக்காவைப் பார்த்ததும் கை நின்றது. முத்தாரக்கா சுவரோரம் செருப்பைக் கழற்றினாள், கை கழுவினாள், நேராகப் போய் வடிவக்கா கையிலிருந்து நாழியை வாங்கினாள். விரலால் மாவைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வடிவக்கா கேட்காமலே தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"சேச்சிமாரே, சேர்ந்து நில்லுங்கோ" என்றார் பிரபின். "இன்னும் கொறச்சு. இன்னும்." இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். கூச்சத்தில் இருவர் முகமும் பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. பிரபின் சிரிக்கச் சொன்னார். அவர்கள் சிரிக்க முயன்று கொண்டிருந்தபோது தீய்ந்த வாசனை வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாணலி பக்கம் திரும்பினார்கள், ஒரே கரண்டிக்கு இரண்டு கைகள் நீண்டன, பிரபின் பட்டனை அழுத்திவிட்டார். வேறு ஆறேழு படங்களும் எடுத்தோம். அந்த ஒன்றுதான் தேறியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வடிவக்கா வீட்டில் மறுபடி எல்லோரும் கூடினார்கள். ஆணிக்கடை அண்ணனும் தம்பியும் எதற்கும் இருக்கட்டும் என்று வாசல் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரகத்திகள் இருவரும் திரைக்கு முன்னால் ஒரே பெஞ்சில். பக்கம் திறந்தது. திரையின் அகலம் முழுக்க அந்தப் படம், வாணலி மேல் குனிந்த இரண்டு பேர். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை.

"இனி சின்ன டிவியில பாத்தாலும் ரெண்டு பேரும் இருப்போமா?" என்றாள் முத்தாரக்கா. நான் ஜன்னலின் மூலையைப் பிடித்து உள்பக்கமாகத் தள்ளினேன். படம் சுருங்கியது, இருவரும் சேர்ந்தே சுருங்கினார்கள். "இன்னும் சின்னதாக்கு" என்றாள். தீப்பெட்டி அளவுக்கு ஆக்கினேன். "இன்னும்." தபால்தலை அளவு. இப்போது முகம் தெரியவில்லை. இரண்டு புடவை நிறமும் நடுவில் ஒரு கரும்புள்ளியும் மட்டும்.

முத்தாரக்கா மூக்கு இடிக்கும்படி குனிந்தாள். "அந்தக் கறுப்பு என்னது?"

"முறுக்கு" என்றாள் வடிவக்கா. "நீ கருக்கினது."

"நானா? கரண்டி யாருக்க கையில இருக்குன்னு பாரு. மக்ளே, பெருசாக்கு. பெருசாக்கு, பாப்போம்."

நான் மூலையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எக்கிக் குனிந்ததில், கொண்டையும் கொண்டையும் முட்டிக்கொண்டு திரை மறைந்துபோனது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.