டி டிரைவில் நர்கீஸ்

"சித்தப்பா எந்த ரிஜிஸ்டரும் வச்சுக்கல மேடம். இங்க லேடீஸ் வேலை பாத்ததா அவரு சொன்னதும் இல்ல. நான் எதை நம்பி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் குடுக்க?" என்றான் ஆனந்த்ராஜ். அவன் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நர்கீஸ் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். பேகம்பூர் பாரூக் பாய் மகள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தவளிடம் பேரென்ன என்றுகூட அவன் கேட்கவில்லை. நாகல்நகர் பூட்டுக்கடைக்கு மேலே இருக்கும் இதே மாடியில் தொண்ணூற்றாறிலிருந்து மூன்று வருடம் அவள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். இப்போது இரண்டாயிரத்து ஏழு. ஆம்பூரில் கணவனின் தோல் வியாபாரம் படுத்துவிட, பிள்ளையோடு அம்மா வீட்டுக்கே வந்தாயிற்று. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை தயாராக இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் அனுபவச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அதைத் தரவேண்டிய, ஆனந்த்ராஜின் சித்தப்பாவான சேவியர் சாரோ போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது.

ஆனந்த்ராஜ் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். எழுந்து போகவும் மனசில்லாமல் நர்கீஸ் அறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தென்மேற்கு மூலையில் அந்த ஒற்றை ஃபேன் இன்னும் இருந்தது. அது கம்ப்யூட்டருக்காக வாங்கியது, மனிதர்களுக்கு அல்ல என்பார் சேவியர் சார். ஒரே மெஷின், மூன்று பேர், ஆளுக்கு ஒரு ஃபோல்டர். பொதுவில் எதை வைத்தாலும் அடுத்து உட்காருகிறவர் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டுப் போவார். மண்டிக்காரர்களுக்கு எடைச்சீட்டைத் தமிழில் அடித்துத்தரும் புரோகிராமை அப்போது அவள் எழுதிக்கொண்டிருந்தாள். தமிழ் எழுத்தை அச்சில் கொண்டுவரும் துணை புரோகிராமை, லைப்ரரி என்பார்கள், யாரோ எழுதி விற்றார்கள். சென்னையிலிருந்து அதை ஃபிளாப்பியில் வாங்கி, டிபன் பாக்ஸுக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார் சார். முதல் சீட்டில் 'சின்ன வெங்காயம்' என்று பிரிண்டர் கரகரவென்று அடித்தபோது மூன்று பேரும் கைதட்டியது நினைவுக்கு வந்தது. அவள் வாழ்க்கையில் அதற்கு இணையான மத்தியானம் பிறகு வரவே இல்லை.

"சார், புது மெஷின்ல நர்கீஸ் போட முடியல!"

நர்கீஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அறிவுச்செல்விதான் கத்தினாள். சாணார்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் புரோகிராமர். காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நர்கீஸ் போடாம கம்பைலே ஆகாதே, புரோகிராம் எப்படி ஓடும்," என்று போனைப் பொத்திக்கொண்டு ஆனந்த்ராஜ் எட்டிப்பார்த்தான்.

"டி டிரைவே இல்ல சார். இதுல டி-ன்னா சிடி போடுற இடம், அதுல ஃபோல்டர் போட முடியாது."

நர்கீஸ் மெல்ல எழுந்து போனாள். "நர்கீஸ்னா என்னதும்மா?"

"ஒரு ஃபோல்டர்க்கா. எந்த மெஷின் வந்தாலும் முதல்ல டியில அந்தப் பேர்ல ஒண்ணு போட்டுட்டுத்தான் மத்த வேலை. இல்லாட்டி நர்கீஸைக் காணோம்னு அப்டியே நின்டுரும். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி போல."

நர்கீஸுக்குச் சிரிப்பு வந்தது. "செத்த நேரம் எந்திரி, நான் பாக்கேன்," என்றாள்.

லைப்ரரி எங்கே கிடக்கிறது என்று சொல்லும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முதல் வரியிலேயே, ஆங்கில எழுத்தில் அவளே அடித்துவைத்த குறிப்பு இருந்தது: நாளைக்கு மாத்தணும். யாரும் அழித்துவிடக் கூடாதென்று டி டிரைவில் தன் பேரில் இருந்த ஃபோல்டரில் லைப்ரரியை வைத்து, வீட்டு விலாசம் மாதிரி முழுப் பாதையையும் எழுதிவிட்டு, நாளைக்கு ஒழுங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. அந்த வாரம்தான் ஆம்பூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவளுக்குப் பின்னால் வந்த யாரும் அந்த வரியில் கைவைக்கத் துணியவில்லை.

பதினோரு இடத்தில் அவள் பேர் இருந்தது. புரோகிராம் எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்திலேயே தேடு என்று எழுதினால் எந்த மெஷினிலும் ஓடும். ஆனால் அவள் இங்கே இருந்தாள் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் அத்தாட்சி இந்தப் பதினொன்றுதான். விரல் ஒரு நிமிஷம் தயங்கியது. சேவியர் சாராக இருந்தால் திட்டியிருப்பார். நாளைக்குன்னு சொல்லி எம்புட்டு நாளாச்சு என்பார். ஒவ்வொன்றாக அழித்து, அப்படியே மாற்றி எழுதினாள். கடைசியில் அந்தக் குறிப்பையும்.

கம்பைல் ஓடியது. எங்கும் நிற்காமல் ஓடி முடிந்து, பிரிண்டர் ஒரு எடைச்சீட்டைத் துப்பியது.

"இத்தன வருசமா இதத் தொட எல்லாரும் பயந்தோமே," என்று உள்ளே வந்த ஆனந்த்ராஜ் சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு மேஜை டிராயரைத் திறந்து கம்பெனி லெட்டர் பேடை எடுத்தான். "உக்காருங்க மேடம். உங்க பேரு?"

"நர்கீஸ்."

எழுத வந்த பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. வெங்காய மண்டிப் பக்கமிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போய் மறைந்தது.

"ஸ்பெல்லிங்..." என்று தொடங்கினான் அவன்.

நர்கீஸ் வாய்திறக்கும் முன்பே, அவள் முகத்தை விட்டுக் கண் எடுக்காமல், அறிவுச்செல்வி சொல்ல ஆரம்பித்திருந்தாள். "என், ஏ, ஆர்..." ஒவ்வொரு எழுத்துக்கும் அவளுடைய விரல்கள் வெறும் மேஜையில், கீபோர்டில் அந்தந்த எழுத்து இருக்கும் இடத்தில் சரியாக விழுந்துகொண்டிருந்தன.