ரூபினி வீட்டு ஒயரிங்

மெல்போர்னிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து எலக்ட்ரீஷியன் குணசேகர் பெங்களூர் அல்சூரில் ஒருவரையும் சும்மா விடவில்லை. டீக்கடையானாலும் சரி, வேலைக்குப் போகிற வீடானாலும் சரி, பேச்சு எப்படியாவது சுற்றிவளைத்து மகள் ரூபினியின் குளியலறைக்கு வந்து சேரும். பழைய வீடொன்றை வாங்கி, குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தாள் அவள். ஒயரிங்குக்கு மட்டும் அந்த ஊர் எலக்ட்ரீஷியன் கேட்ட கூலியில் கோலார் தங்கவயலில் ஒரு வீட்டுக்குத் தளமே போட்டுவிடலாம் என்பது குணசேகர் கணக்கு. அவர் கணக்கில் உப்பு காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

"சொந்த வீடா இருந்தாலும் லைசன்ஸ் இல்லாம ஒயரைத் தொடக் கூடாதாம்பா அங்க," என்று சிரிப்பார். "நம்மகிட்டதான் கர்நாடகா ஒயர்மேன் பெர்மிட் கீதே! கரண்ட்டு எந்த ஊர்லயும் கரண்ட்டுதானே?"

ரூபினியும் அப்போது, "யாருப்பா வந்து பாக்கப் போறாங்க, நீங்களே செஞ்சிடுங்க" என்றாள். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவளும் அவள்தான். வேலை முடிந்த அன்று அப்பாவுக்காக மட்டன் பிரியாணி செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி தமயந்தி மொட்டை மாடியில் சுக்கும் மிளகும் காயவைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் ரூபினிக்குப் பிரசவம். டிக்கெட் எடுத்தாயிற்று, விசாவுக்கு மறுபடி எழுதிப் போட்டிருந்தார்கள். அப்போதுதான் வீடியோவில் ரூபினி வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"அப்பா, அவருக்குக் கரண்ட் அடிச்சிடுச்சு."

துண்டு போடுகிற கம்பியை மாட்ட, நாலு நாளைக்கு முன் மருமகன் நாகேஷ் குளியலறைச் சுவரில் ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறான். அது உள்ளே ஓடிய ஒயரில் இறங்கிவிட்டது. உள்ளங்கை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு அனுப்பினார்களாம்.

கேட்டதுமே குணசேகருக்கு எங்கே தப்பு என்று புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. நம் ஊரில் செங்கல் சுவரைக் கொத்தி, பைப்பைப் புதைத்து, மேலே சிமென்ட் பூசிவிடுவோம். அங்கே சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அடித்த பலகை. அவர் இங்கத்திய பழக்கத்தில் சட்டத்தின் முகத்தை வெட்டி, பலகையை ஒட்டினாற்போல் ஒயரை ஓட்டிவிட்டார். சட்டத்தின் நடுவில் துளை போட்டு உள்ளே தள்ளி விட்டிருந்தால் எந்த ஸ்க்ரூவும் எட்டியிருக்காது. ரூல் போட்டவன் கிறுக்கனில்லை என்று இப்போது உறைத்தது. அடுத்த மாதம் குழந்தையைக் குளிப்பாட்டப் போவதும் அதே அறையில்தானே!

"மாப்ளகிட்ட குடும்மா. ஒரு வார்த்தை பேசறேன்."

"தூங்கறாருப்பா." எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "இன்சூரன்ஸ்ல ஒயரிங்குக்கு சர்ட்டிபிகேட் கேக்கறாங்க. லைசன்ஸ் உள்ளவரு செஞ்சிருந்தா குடுத்திருப்பாரு, நம்மகிட்ட இல்ல. எல்லாத்தையும் பிரிச்சுப் புதுசா செய்யணுமாம். யாரு செஞ்சதுன்னு எழுதிக் குடுக்கணுமாம்."

"எம் பேரை எழுது."

தமயந்தி போனைப் பிடுங்காத குறை. "இன்னா பேசறீங்க? பொண்ணைப் பாக்கப் போனவரு அங்க வேலை செஞ்சேன்னு நீங்களே சொன்னா, திரும்ப விசா குடுப்பாங்களா? அவ ஆளில்லாம பெத்துக்கணுமா? யாரோ வந்து செஞ்சாங்க, பேரு தெரியலன்னு எழுதட்டும்."

குணசேகருக்கு மட்டும் ஆசை இல்லையா? பேரப்பிள்ளையை முதலில் வாங்கப்போகும் கை தன்னுடையதுதான் என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். ஆனாலும் மருமகனின் வெந்த கை அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"மாப்ளைக்கு இப்படி ஆயிருக்கு, இதுல பொய் வேறயா? எங்கப்பாதான் செஞ்சாருன்னு எழுதும்மா. என்ன ஆவுதோ ஆவட்டும்."

சொல்லும்போது நெஞ்சு லேசாக நிமிரக்கூடச் செய்தது. மகளுக்காகத் தலையைக் கொடுக்கிற தகப்பனாயிற்றே!

ரூபினி குனிந்துகொண்டாள். "நேத்தே எழுதிக் குடுத்துட்டோம்பா."

"நல்லதாப் போச்சு."

"நாங்க ஆபீஸ் போயிருந்தப்ப, எங்களைக் கேக்காம, நீங்களா செஞ்சிட்டீங்கன்னு எழுதியிருக்கோம். தெரிஞ்சே விட்டோம்னா எங்க மேலயும் கேஸ் வருமாம். இவருதான் அப்படி எழுதச் சொன்னாரு." அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை, அழுதாள். "இன்சூரன்ஸ்லருந்து உங்களுக்கும் போன் பண்ணிக் கேப்பாங்கப்பா."

தமயந்தி புருஷன் முகத்தையே பார்த்தாள். குணசேகருக்குப் பெற்ற மகளிடம் கோபப்படவும் முடியவில்லை, அவளைத் தேற்றவும் தெரியவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அழாதம்மா, வயித்துப் புள்ளைக்கு ஆகாது," என்றார். "நீ எழுதினதை அப்படியே இங்கிலீஷ்ல அனுப்பி வை. மனப்பாடம் பண்ணிக்கறேன். நான் பாட்டுக்கு மாத்தி எதையாவது சொல்லிடப் போறேன்."