இடது தாடை

இறந்து கிடந்த தம்பியின் தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி மறுபடியும் நழுவியது. அக்கா மூன்றாவது முறையாக முடிச்சை அவிழ்த்தாள். துணி நிற்க இடது பக்கம் எலும்பு இருந்தால்தானே.

தம்பி பஸ் நிலையத்தில் மைக் பிடித்து வண்டிகளை அறிவித்து வந்தவன். போன வருஷம் கடைவாயில் வலி என்று தெருமுனைப் பல் டாக்டரிடம் போனான். ஒரு பல்லைப் பிடுங்கினார். வீக்கம் வடியவில்லை. இன்னொன்று. பிறகு மூன்றாவது. "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா?" என்று அக்கா கேட்டதற்கு, "டாக்டர் நானா, நீயா?" என்று சிரித்தார். எட்டு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் எலும்பில் புற்று என்றார்கள். பாதித் தாடையை எடுத்தார்கள். அதற்குள் அது நுரையீரலுக்கு இறங்கியிருந்தது. கடைசி ஐந்து மாதம் அவன் எல்லாவற்றையும் எழுதித்தான் காட்டினான்.

வாசலில் பேச்சு அடங்கியது. கையில் பூவோடு அந்தப் பல் டாக்டர் உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்றது, நம்ம கையில என்ன இருக்கு?"

அக்கா நிமிர்ந்தாள். குரல் உயரவே இல்லை. "துணி நிக்க மாட்டேங்குது டாக்டர். உங்களுக்குப் பழகின வாய். நீங்களே கட்டி விடுங்க."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் குனிந்து துணியை வாங்கினார். விரல்கள் கன்னத்துக்குள் புதைந்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"எந்தெந்தப் பல்லு புடுங்கினீங்க? அதோ நிக்கிறாரே எங்க மாமா, அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு, காட்டுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா..."

"சரி, விடுங்க. நாலு மணிக்குத்தான் எடுக்கிறோம். உக்காருங்க." தலைமாட்டிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கிளினிக்ல பேஷன்ட்டுங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

"அந்த பெஞ்சுல இவனும் காத்துக்கிட்டு இருந்தவன்தான். உக்காருங்க."

உட்கார்ந்தார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அப்படியும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அவள் நெஞ்சில் கிடந்த பாரம் இம்மிகூடக் குறையவில்லை; ஆனால் அவர் வேர்ப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். வீங்கிய கன்னத்தைப் பொத்தியபடி ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். "டாக்டர் இங்க இருக்காருன்னு சொன்னாங்க..."

"இங்கதாம்மா இருக்காரு. உள்ள வந்து பாருங்க," என்றாள் அக்கா.

வந்தாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி அவள் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் படுத்திருந்தவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே, பெரிய ஆஸ்பத்திரி பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள்.